அம்மாவின் படுக்கைப் புண்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பக்கவாதம் வந்து நான்கு மாதமாக அம்மா படுக்கையில்தான். வால் எலும்புக்கு மேல் முதலில் வெறும் சிவப்பு, அழுத்தினாலும் வெளுக்கவில்லை. வியர்க்குரு என்று பவுடர் போட்டுவிட்டோம், தப்பு எங்களுடையதுதான். இப்போது தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறோம், ஏர் பெட்டும் வாங்கியாச்சு.

தொல்லை கட்டு மாற்றும்போதுதான். துணி ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ரத்தம் வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது. சலைனில் ஊறவிட்டுப் பிரிக்கச் சொன்னார் டாக்டர். கொஞ்சம் பரவாயில்லை.

ஒட்டாத டிரஸ்ஸிங் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள்? மதுரையில் வீட்டுக்கு வந்து கட்டுப் போடும் நர்ஸ் தெரிந்தாலும் சொல்லுங்கள். மஞ்சள் வைத்தியம் மட்டும் வேண்டாம், அதற்குப் பக்கத்து வீட்டு அத்தையே போதும்.