கெட்டிக்காரப் பிள்ளை என்று பேர் வாங்கியவர்களே, உங்கள் அனுபவம் எப்படி?

கடைசிபெஞ்ச்:
வகுப்பில் முதல் ஆள், மூளைக்காரன், 'இவனுக்கு எதுக்கு ட்யூஷன்' வகையறாக்களுக்கான திரி இது. பெருமை அடிப்பதற்கில்லை, அந்த வேலையைச் சொந்தபந்தங்கள் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் காத்திருப்பதுதான். ஆசிரியர் கணக்கை எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு விடை வந்திருக்கும். "முடிச்சிட்டியா? சரி, பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்லிக் குடு." அவன் "எப்படி வந்துச்சு?" என்பான். "வந்துச்சு, அவ்வளவுதான்" என்பேன். அவனுக்கு எரிச்சல், எனக்கும் எரிச்சல். இதைப் பாராட்டு மாதிரிச் சொல்வார்கள். எனக்கென்னவோ சம்பளமில்லாத உதவி ஆசிரியர் வேலை மாதிரிதான் இருந்தது. எனக்குப் புதிதாக ஒன்று சொல்லித்தரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. என் சிக்கல் கல்லூரியில்தான் தொடங்கியது.

பள்ளி முடியும்வரை நான் 'படித்ததே' இல்லை. வகுப்பில் கேட்பேன், பரீட்சைக்கு முதல்நாள் புரட்டுவேன், மார்க் வந்துவிடும். கல்லூரியில் நுண்கணிதத்தில் 'எல்லை' (லிமிட்) என்பதற்கு எப்சிலான்-டெல்டா வரையறை வந்தது. 'எந்த எப்சிலான் கொடுத்தாலும் அதற்கொரு டெல்டா உண்டு' என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், தலையில் ஏறவே இல்லை. குழப்பம் என்றுகூடச் சொல்ல முடியாது, உடம்பெல்லாம் ஒரு பதற்றம். புரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நோட்டை மூடிவிட்டு, 'இந்தப் பாடமே போர்' என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பக்கத்து அறையில் ஒருத்தன். பள்ளியில் எப்போதும் நடுவாந்தர மார்க்தான் என்று அவனே சொல்வான். அவனுக்கும் அந்த வரி புரியவில்லை. ஆனால் அவன் அசரவில்லை. ஒரு கோடு வரைந்தான். எப்சிலானுக்கு 0.1 போட்டு டெல்டா கண்டுபிடித்தான். அப்புறம் 0.01. நடுவில் தப்பு வந்தது, அடித்துவிட்டு மறுபடி எழுதினான். போய் முகம் கழுவிவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தான். சின்ன வகுப்பிலிருந்தே திணறித் திணறிப் பழகியவன், அவனுக்கு அந்த ஊர் சந்துபொந்தெல்லாம் தெரியும். நான் அங்கே அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்து இறங்கியிருக்கிறேன்.

கெட்டிக்கார மாணவர்களுக்கு உண்மையில் கிடைக்காமல் போவது இந்தத் திணறல்தான் என்பது என் கட்சி. 1998ல் உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நல்லா உழைச்சிருக்கே' என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கடினமான புதிர்கள். கடைசியில் மறுபடி முதல் தரத்துப் புதிர்கள். 'புத்திசாலி'கள் தாங்கள் முதலில் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள், உழைப்புக்குப் பாராட்டு வாங்கிய கூட்டம் கூடுதலாக எடுத்தது. இன்னொரு கூத்து: தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்களில் ஏறக்குறைய 10க்கு 4 பேர் கூட்டி எழுதினார்கள். 'உழைத்தால் அறிவு வளரும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சின்னதுதான் என்று பிற்பாடு வாதமும் வந்திருக்கிறது. இருந்தாலும் அந்தக் கூட்டி எழுதிய பிள்ளைகளை எனக்கு நன்றாகவே தெரியும்.

ரெட்டைவால்:
நான் வேறு ரகம். ஆறாம் வகுப்பில் வேண்டுமென்றே ஒரு கேள்வியை விட்டுவிட்டு வருவேன். முழு மார்க் வாங்கினால் ஆசிரியை தாளைத் தூக்கிக் காட்டுவார், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு யாரும் உட்கார மாட்டார்கள். குழு வேலை என்றால் மட்டும் எல்லோருக்கும் நான் வேண்டும். பெண் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படி ஒளிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மார்க்கில் அது தெரியாது.

சாக்பீஸ்:
நான் ஆசிரியர். மேலே பேசிய மூவரும் மார்க் வாங்கியவர்கள். மார்க் வாங்காத கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன். எழுத்து கோழிக் கிறுக்கல், வாசிக்கத் திக்குவான், எழுத்துகள் இடம் மாறும். பலருக்கும் அவன் 'மந்தம்'. பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினான். "சார், 6ஐ 0ஆல் வகுத்தா எந்த எண்ணும் பொருந்தாது. 0வை 0ஆல் வகுத்தா எல்லா எண்ணும் பொருந்துது. ரெண்டும் ஒரே மாதிரித் தப்பா சார்?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அவனுக்கு எழுத்துத் தேர்வு வைத்திருந்தால் ஃபெயில்தான்.

சோதனை வைத்துச் சலித்தெடுக்கிறோம் என்பவர்களும் இந்தத் தவறிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921ல் தொடங்கி ஏறக்குறைய 1,500 மேதாவிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார், அவர்களை ஆயுள் முழுக்கத் தொடரும் ஆய்வு அது. தேர்வில் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்கள், 1956லும் 1968லும்.

ரெண்டுபிள்ளைக்காரி:
வாசித்துக்கொண்டே இருக்கிறேன். பெரியவனை ஒரு வகுப்பு தாண்டி உட்கார வைக்கலாமா என்று பள்ளியில் கேட்கிறார்கள். கணக்கில் புலி, ஆனால் தோற்றால் அழுகிறான். சின்னவள் வேறு, 'நான் கெட்டிக்காரி இல்லை' என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என்ன செய்யட்டும்?

சாக்பீஸ்:
அம்மா, வகுப்பு தாண்டினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. ஜூலியன் ஸ்டான்லி 1971ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், வேகமாகப் போனவர்கள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் முழு வகுப்பும் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2006ல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய டெரன்ஸ் டாவோ சின்ன வயதில் பாடத்துக்குப் பாடம் வேறு வேறு வகுப்பில் உட்கார்ந்தவர். கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள். அங்கே கொஞ்சம் தோற்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, சின்னவள் எதிரில் பெரியவன் மார்க்கைப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ரெண்டுபிள்ளைக்காரி:
நன்றி தம்பி, நன்றி சார். அவனிடம் கேட்டுவிட்டேன். "கணக்குக்கு மட்டும் போறேன், விளையாட்டு பீரியடுக்கு என் கிளாசுக்கே வந்துடுவேன்"கிறான். பள்ளியில் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.