பொருள்: 'வாழ்வு நிறைவு' வேண்டாம், 'வாழ்க்கைத் திருப்தி' இருக்கட்டும்

வணக்கம்.

> லைஃப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் என்பதற்கு 'வாழ்வு நிறைவு' சரியா? கியூபா கட்டுரைக்கு அவசரமாக வேண்டும்.

எனக்குச் சரியாகப் படவில்லை. பணி நிறைவு, விழா நிறைவு என்று பழகிய காதுக்கு 'வாழ்வு நிறைவு' இரங்கல் செய்தியாகத்தான் கேட்கும். 'மனநிறைவு' அழகான சொல். ஆனால் ஆய்வுக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்லும்படி ஒரு சொல் வேண்டும். ஓரளவு திருப்தி, கொஞ்சமும் திருப்தியில்லை என்று எல்லாரும் பேசுகிறோம். வடசொல் என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை.

கியூபாவுக்கு இந்த அளவீடு புதிதல்ல. புரட்சி வென்ற மறு ஆண்டே, 1960இல், லாயிட் ஃப்ரீ என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணக்கெடுப்பு நகரவாசிகள் சுமார் 1,000 பேரிடம் நடந்தது. ஓர் ஏணிப் படம் காட்டுவார்கள். உச்சிப்படி நீங்கள் விரும்பும் மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது. இன்று எந்தப் படியில் இருக்கிறீர்கள்? ஐந்தாண்டுக்கு முன்? இன்னும் ஐந்தாண்டில்? அன்று பலர் பழையதைக் கீழேயும் வரப்போவதை மேலேயும் வைத்தார்கள். கிராமத்தார் அதில் இல்லை என்பதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். இந்த மதிப்பெண்ணுக்கு 'ஏணிநிலை' என்று தனிச்சொல் வைக்கலாம்.

அடுத்து, எதில் திருப்தி என்பதைப் பிரித்தே ஆகவேண்டும். அமெரிக்காவோடு உறவு சீராகத் தொடங்கிய 2015இல், 1,200 பேரை நேரில் கேட்ட ஆய்வில் 79 விழுக்காட்டினர் பொருளாதார முறையில் திருப்தியில்லை என்றார்கள். அதே ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கல்வியிலும் மருத்துவத்திலும் திருப்தி. 'கியூபர்கள் அதிருப்தியில்' என்று ஒரே போடாகத் தலைப்புப் போட்டால் பாதி உண்மை போய்விடும். பள்ளி, மருத்துவமனை பற்றியதைச் 'சேவைத் திருப்தி' என்றும், சொந்த வாழ்க்கை பற்றியதை மட்டும் 'வாழ்க்கைத் திருப்தி' என்றும் எழுதுங்கள்.

பப்ளிக் ஆட்டிட்யூட்ஸ் என்பதற்குப் 'பொது மனப்போக்கு'. 'மனப்பான்மை' என்றாலே தாழ்வு மனப்பான்மை நினைவுக்கு வந்து குறைசொல்லும் தொனி ஏறிவிடுகிறது. தவிர, மாறிக்கொண்டிருக்கும் சமூகத்தைப் பேசும்போது 'போக்கு' நன்றாகப் பொருந்துகிறது.

அப்புறம் ஒன்று. 2016இல் கியூபர்களிடம் நடந்த வேறோர் ஆய்வில் நான்கில் மூவர் அளவுக்கு, வாய்திறந்து பேசும்போது கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். ஆகவே அட்டவணையின் கீழே 'விடைத் தயக்கம் இருக்கலாம்' என்று ஒரு வரி சேருங்கள். மனதில் உள்ளதை அப்படியே விடையாகச் சொல்லத் தயங்குவதைத்தான் 'விடைத் தயக்கம்' என்கிறேன். அதற்கு மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.