மழை பிடித்தால் 15 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் லிங்க் (டவருக்கு டவர் ரேடியோ இணைப்பு) மொத்தமாக விழுகிறது, பவரைக் கூட்டலாமா?

ஆற்காடு ஃபீல்டு:
வணக்கம். ஆற்காட்டில் ஒரு டவர், திமிரி பக்கம் ஒரு டவர், இடையில் 11 கிலோமீட்டர். இரு முனையிலும் 0.6 மீட்டர் டிஷ், 28 மெகாஹெர்ட்ஸ் சேனல், வெர்டிகல் போலரைசேஷன். மாடுலேஷன் (அலையில் தரவை ஏற்றும் முறை) 256 குவாம், ஃபிக்ஸட், அதாவது மாறாதது. பவர் 18 டிபிஎம், ஏடிபிசி (தேவைக்கேற்பப் பவரைத் தானே ஏற்றி இறக்கும் வசதி) ஆன். வெயில் நாளில் ஆர்எஸ்எல் (வந்து சேரும் சிக்னல் அளவு) இரண்டு பக்கமும் −52 டிபிஎம், பிழை ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை பலமாகப் பிடித்தால் லிங்க் அடியோடு போகிறது, மழை விட்டதும் தானே வந்துவிடுகிறது. திமிரிக்குப் பின்னால் இன்னும் மூன்று டவர்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. நிறுவிக் கொடுத்தவர்கள் பவரை ஏற்றச் சொல்கிறார்கள், 18க்கு மேல் ரேடியோ ஏற்க மறுக்கிறது. டிஷ் நகர்ந்திருக்குமோ என்றும் சந்தேகம்.

காட்பாடி மைக்ரோவேவ்:
தம்பி, டவர் ஏறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடு. 15 ஜிகாஹெர்ட்ஸில் 11 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு சுமார் 137 டிபி (டெசிபல்). டிஷ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 37 தரும். 18ஐயும் சேர்த்துக் கூட்டிக் கழித்தால் −45, −46 வர வேண்டும். உனக்கு −52. மீதி ஆறேழு டிபி எங்கே போனது?

ஏடிபிசி டார்கெட்டைப் பார், அதாவது எதிர்முனையில் எந்த ஆர்எஸ்எல்லைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறது என்று. அது −52 என்று இருந்தால், ரேடியோ வேண்டுமென்றேதான் பவரைக் குறைத்து ஓடுகிறது. செட் பவர் வேறு, ஆக்சுவல் பவர் வேறு. ஆக்சுவல் 11, 12 என்று காட்டினால் டிஷ் சரியாக நிற்கிறது, அதைத் தொடாதே. மழை வந்தால் ஏடிபிசி தானாக 18க்கு ஏற்றிவிடும்.

அப்புறம் ஏன் விழுகிறது? மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் கொட்டும் மழையில் இந்த அலைவரிசைக்குக் கிலோமீட்டருக்கு 3 டிபி போகும். ஏழு கிலோமீட்டர் மழைக்குள் இருந்தாலே 21 டிபி. 256 குவாமுக்கு ஆர்எஸ்எல் −66 அளவாவது வேண்டும், முழுப் பவரில் வரும் −46இல் இருந்து பார்த்தால் உன் கையிருப்போ 20 டிபிதான். இதில் இரண்டு டிபி பவரைக் கூட்டி என்ன ஆகப் போகிறது?

கோளாறு அந்த 'ஃபிக்ஸட்' என்ற வார்த்தையில்தான். அடாப்டிவ் மாடுலேஷனை (சிக்னல் குறைந்தால் மெதுவான, உறுதியான முறைக்குத் தானே இறங்குவது) ஆன் செய், கீழ் எல்லையை க்யூபிஎஸ்கே என்ற மெதுவான முறை வரை விடு. அது −86 பக்கம்கூடத் தாங்கும், 20 டிபி இங்கேயே கிடைத்துவிட்டது. அதோடு 256 குவாமில் சிக்னல் சிதையக்கூடாது என்று ரேடியோ பவரை அடக்கி வைக்கிறது, கீழே இறங்கினால் இன்னும் சில டிபி கூட்டித் தரும். வேகம் 180 மெகாபிட்டில் இருந்து 40 பக்கம் குறையும். குறையட்டும். குரலுக்கும் சிங்க்குக்கும் (டவர்களின் நேர ஒத்திசைவு) முன்னுரிமை கொடுத்து வை, வீடியோ காத்திருக்கும். கொட்டும் மழையில் அந்தப் பக்கத்து ஊரில் ஒருவர் 108ஐக் கூப்பிட்டால் அந்த அழைப்பு போயே ஆக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முக்கியமான ஒன்று: ஆற்காட்டில் உட்கார்ந்து மாற்றுகிறாய் என்றால் திமிரி முனையை முதலில் மாற்று. லிங்க் விழும், பயப்படாதே, உடனே உன் பக்கத்தை மாற்றினால் திரும்பி வரும். உன் பக்கத்தை முதலில் மாற்றினால் எதிர்முனை கைக்கு எட்டாது, வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஏரிக்கரை:
காட்பாடி அண்ணன் சொன்னது சரி. கூடவே ரேடியோ 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கும் பதிவையும் பாருங்கள். மழையே இல்லாத விடியற்காலையில் ஆர்எஸ்எல் ஏறி இறங்கினால் அது வேறு கதை. நம் பக்கம் வழியில் ஏரி இல்லாத லிங்க் எங்கே இருக்கிறது? ஏரி நிரம்பினால் தண்ணீரில் பட்டு வரும் அலை நேர் அலையோடு மோதும். அதற்கு டிஷ் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும், செட்டிங்கில் தீராது.

சோளிங்கர் ஆர்எஃப்:
க்யூபிஎஸ்கேயில் பவர் கூடும்போது லைசென்ஸில் அனுமதித்த அளவைத் தாண்டாமல் மேல் எல்லை போட்டுவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: எதிர்முனை டிரான்ஸ்மிட்டரை ஒரு நிமிடம் மியூட் செய்து இங்கே ஆர்எஸ்எல் பாருங்கள். −80 மாதிரி ஏதாவது மிஞ்சி நின்றால் வேறு யாரோ உங்கள் சேனலில் இருக்கிறார்கள். ராத்திரியில், கண்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆற்காடு ஃபீல்டு:
அண்ணா, டார்கெட் −52தான், ஆக்சுவல் பவர் 11.5. மியூட் செய்து பார்த்தேன், சேனல் சுத்தமாக இருக்கிறது. திமிரி முனையை முதலில் மாற்றி அடாப்டிவ் போட்டாயிற்று. நேற்று சாயங்காலம் நல்ல மழை. ஆர்எஸ்எல் −74 வரை போய் 16 குவாமுக்கு இறங்கியது, லிங்க் விழவில்லை. பின்னால் இருக்கும் மூன்று டவரிலும் ஒரு அலாரம்கூட வரவில்லை. ரொம்ப நன்றி.

காட்பாடி மைக்ரோவேவ்:
நல்லது தம்பி. அந்த மூன்று டவருக்குப் போகும் லிங்க்குகளும் ஃபிக்ஸடில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு. அதே ஆட்கள் நிறுவியிருந்தால் அப்படித்தான் இருக்கும்.