வியட்நாம் படகு மக்களை, அதாவது போருக்குப் பிறகு நாட்டைவிட்டுப் படகில் தப்பிவந்த அகதிகளை, நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

முத்துநகர் மாலுமி:
1980. ஹாங்காங்கில் சரக்கு ஏற்றிச் சிங்கப்பூர் வந்துகொண்டிருந்தோம். எஞ்சின் நின்றுபோன மீன்பிடிப் படகு, தட்டு முழுக்க ஆட்கள். கேப்டன் நிறுத்தினார். கயிற்றேணி இறக்கியும் ஓர் அம்மா ஏறவில்லை. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி, நாங்கள் போட்ட கயிற்றில் முடிந்து, இழுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். இழுத்தது நான். கண் முழுக்க அந்த முடிச்சு மேலேயே இருந்தது. அதற்கு முன்னால் பல கப்பல்கள் பார்த்தும் நிற்காமல் போயினவாம். எப்படி மனசு வந்தது?

திரங்கானுக்காரன்:
நான் மலேசியாவில், திரங்கானு கரையில் பார்த்தவன். 1979, பள்ளிக்கூடப் பையன். படகு மணல் தட்டியதும் எல்லாரையும் இறக்கிவிட்டு ஒருத்தர் மட்டும் திரும்ப ஏறினார். கோடாலியால் அடிப்பலகையைப் பிளந்தார். ஓடுகிற படகு என்றால் எங்கள் நாட்டு அதிகாரிகள் மறுபடி கடலுக்கே இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அதனால்தான். அழுதுகொண்டே வெட்டினார். பிறகு எங்கள் கரைக்கு அப்பால் இருக்கிற பிடோங் தீவு அகதி முகாம். 4,500 பேருக்கென்று திறந்த இடத்தில் அந்த ஜூனில் 40,000 பேர்.

செம்பவாங் செல்வி:
மாலுமி அண்ணே, நிற்காத கப்பல்களை மட்டும் திட்டாதீங்க. 90 நாளுக்குள் வேறு நாடு அழைத்துக்கொள்ளும் என்று உத்தரவாதம் இருந்தால்தான் சிங்கப்பூரில் இறக்கவே விடுவார்கள். அது வரும்வரை கப்பல் காத்துக் கிடக்கணும். ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம், பதில் சொல்ல வேண்டியது கேப்டன். விதி போட்ட அரசாங்கங்களை யார் கேட்டது? இங்கே செம்பவாங்கில் இருந்த ஹாக்கின்ஸ் ரோடு அகதி முகாம் பையன் ஒருத்தன் எங்கள் கடையில் ஏர்மெயில் தாள் வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து எழுதுவான். தங்கச்சி வேறு படகில் ஏறினாளாம். எந்த முகாமுக்கும் வந்து சேரவில்லை.

முத்துநகர் மாலுமி:
எங்கள் கேப்டனுக்கும் அந்த விதி தெரியும், தங்கச்சி. நிறுத்தினாரே.

பயணி_கிள்ளான்:
பிடோங் போக நினைப்பவர்களுக்கு: மேராங் படகுத்துறையிலிருந்து போகணும். முகாம் 1991இல் மூடியாச்சு, இப்போது காடுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேண்டவே வேண்டாம், பருவக்காற்றில் அலை பயங்கரம். செருப்பு போதாது, ஷூ போடுங்க. கல்லறைகளுக்கு வழி தெரிந்த ஆளோடு போங்க. தண்ணீர் நிறைய எடுத்துக்குங்க. நான் போனபோது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வியட்நாமியப் பெரியவர் ஒருத்தர், பெயர் அழிந்துபோன கல்லறைகளையும் விடாமல் ஒவ்வொன்றுக்கும் ஊதுபத்தி ஏற்றினார். பாதியில் தீர்ந்துபோச்சு. நீங்கள் போனால் கோலா திரங்கானுவிலேயே நிறைய வாங்கிக்குங்க, தீவில் கடை கிடையாது.