மழை லில்லி பூக்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ரோஸ் நிற மழை லில்லி போன வருடம் ஒரு நல்ல மழை பெய்த மூன்றாம் நாளே தொட்டி முழுக்கப் பூத்தது. அம்மா தினமும் மாடியேறி எண்ணிவிட்டு வருவார். இந்த வருடம் வெங்காயத்தாள் மாதிரி இலை மட்டும்தான். கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, பிரித்து நடலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

அப்புறம், கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சும் புள்ளி போட்ட புழு இலையை அடி வரை தின்கிறது. கையால் பொறுக்குகிறேன், வேப்பெண்ணெயும் தெளித்தேன், நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் லில்லி வளர்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குள் அம்மாவுக்கு ஒரு பூவாவது காட்ட வேண்டும்.