மொட்டை மாடியில் ஹம்மிங்பேர்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் செய்வது எப்படி?

பெரம்பூர் மாடிவீடு:

வணக்கம். பெரம்பூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், மொட்டை மாடியை ஓனரம்மா எங்களுக்கே விட்டுவிட்டார்கள். செம்பருத்தி நாலு தொட்டி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, கொஞ்சம் கீரை என்று வைத்திருக்கிறேன். ஐந்தாவது படிக்கும் என் மகள் ஒரு வீடியோவில் யாரோ பழைய பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டி, சிவப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று குடிப்பதைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள்.

போன சனிக்கிழமை ஜூஸ் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, சர்க்கரைத் தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்து, துணிக்கொடிக் கம்பியில் கட்டினோம். மத்தியானத்துக்குள் பாதி சொட்டிப் போய்விட்டது. கயிறு முழுக்க எறும்பு. ஒரு பறவையும் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம் சாயந்தரம் ஆறு மணிக்கு நித்தியகல்யாணியில் ஹம்மிங்பேர்டைப் பார்த்ததாக அவள் சத்தியம் செய்கிறாள், நானும் ஏதோ ஒன்று சர்ரென்று போனதைப் பார்த்தேன். சர்க்கரை அளவு எவ்வளவு, சொட்டாமல் இருக்க என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடுங்கையூர் சிட்டு:

அக்கா, முதலில் பாப்பாவிடம் மெதுவாக ஒன்று சொல்லிவிடுங்கள். ஹம்மிங்பேர்டு நம் ஊரில் கிடையாது, இந்தியாவிலேயே கிடையாது. ஏறக்குறைய 360 வகை இருக்கிறது, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில்தான், வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே சிலி நாட்டுக் கடைசி வரை.

ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. நித்தியகல்யாணியில் பொழுது சாயும் நேரத்தில் அந்தரத்தில் நின்று நீளமான குழல் ஒன்றைப் பூவுக்குள் விட்டுக் குடிப்பது ஒரு வகை அந்துப்பூச்சி. பருந்து அந்து என்பார்கள். இறக்கை அடிக்கும் வேகத்தில் உடம்பு மட்டும்தான் தெரியும், நானும் சின்ன வயதில் பறவை என்றே நினைத்தேன். அடுத்த முறை தலையைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு உணர்கொம்பு தெரியும். பறவைக்கு அது இருக்காது.

பூவில் தேன் குடிக்க நம் மாடிக்கு வருவது தேன்சிட்டு. பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கமெல்லாம் அதிகம் பார்ப்பது ஊதாப்பிட்டு தேன்சிட்டு. ஆணுக்கு வயிறு மஞ்சள், முதுகு பழுப்புச் சிவப்பு, தலையில் வெயில் படும்போது மட்டும் பச்சையாக மின்னும். இன்னொன்று ஊதாத் தேன்சிட்டு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, கிட்டத்தில் மயில் கழுத்து நிறம். இரண்டும் நம் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்.

ஹம்மிங்பேர்டு மாதிரி இவை வெகுநேரம் அந்தரத்தில் நிற்காது. கொஞ்சம் படபடக்கும், அப்புறம் எதையாவது பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும். வீடியோவில் பார்த்த பாட்டிலில் உட்காரக் குச்சி இல்லையென்றால் இதற்கு அது ஆகாது. உங்கள் செம்பருத்தியை இன்றைக்கே பாருங்கள், பூவின் காம்புப் பக்கம், பச்சைப் புல்லி முடிகிற இடத்தில் ஊசி குத்தினது மாதிரி ஓட்டை இருந்தால் அது ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரிய பூவில் வாய் வழியாகப் போக முடியாமல் அடியில் குத்தித் தேனை எடுத்துவிடும்.

தண்டையார்பேட்டை டு ஜெர்சி:

நான் தண்டையார்பேட்டைப் பெண், பதினோரு வருஷமாக நியூ ஜெர்சியில். இங்கே வருவது செங்கழுத்து ஹம்மிங்பேர்டு. ஏப்ரல் கடைசி, மே மாதம் வரும், செப்டம்பர் வாக்கில் கிளம்பிவிடும். மூன்று நாலு கிராம் எடைதான், அதில் பல, மெக்சிகோ வளைகுடாவின் மேல் நிற்காமல் 800 கிலோமீட்டர் போல பறந்து மத்திய அமெரிக்கா போகிறது. அதற்காக வருஷா வருஷம் நானே டப்பா செய்து மாட்டுகிறேன், அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கால் டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கொதிக்க வைத்து ஆற வையுங்கள், மிச்சத்தைப் பிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். கேசரிப் பவுடர் வேண்டவே வேண்டாம், நிறம் வேண்டுமென்றால் டப்பாவுக்கு வெளியே சிவப்பு ரிப்பன் கட்டினால் போதும். வெல்லம், நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம், அதிலுள்ள இரும்புச் சத்து இந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. தேன் ஊற்றினால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அது பறவைக்கு ஆகாது. சர்க்கரைக்குப் பதிலாக விற்கும் இனிப்பு மாத்திரை எதுவும் கூடாது, அதில் அதற்கு ஒரு சத்தும் இல்லை.

சொட்டியதற்குக் காரணம் வெயில். கவிழ்த்த பாட்டிலில் தண்ணீருக்கு மேலே அடைபட்ட காற்று சூடானால் விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும், பாட்டில் பாதி காலியாக இருந்தால் இன்னும் அதிகம். சென்னை மொட்டை மாடியில் கவிழ்க்கும் பாட்டிலே வேண்டாம். ஹோட்டல் பார்சல் தரும் தட்டையான மூடி போட்ட டப்பாவை எடுங்கள். கோணூசியைச் சூடு பண்ணி மூடியில் நாலு ஓட்டை, மூன்று மில்லிமீட்டர் போதும், ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அலகு கீறும். உட்கார ஒரு முருங்கைக் குச்சியைப் பக்கத்தில் கம்பியால் கட்டுங்கள். தண்ணீர் மூடிக்குக் கீழே கால் அங்குலத்தில் நிற்கட்டும்.

எறும்புக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் மூடி. நடுவில் ஓட்டை போட்டு, தொங்கவிடும் கம்பியை அதன் வழியாக விட்டு, எம்சீல் வைத்து அடைத்து, கிண்ணம் மாதிரி நிமிர்ந்திருக்கும்படி வையுங்கள். அதில் தண்ணீர் இருக்கும்வரை எறும்பு இறங்காது. கம்பியில் எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள், இறகில் பட்டால் பறவைக்கு அதைக் கழுவ வழியில்லை.

ஒற்றியூர் கடலோரம்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் என் அபிப்பிராயம் வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். தினமும் காலையில் கொட்டிவிட்டு, வெந்நீர் விட்டுப் பிரஷ் போட்டுக் கழுவி, புதிதாக ஊற்ற முடியும் என்றால் மட்டும் மாட்டுங்கள். ஊருக்குப் போகும்போது கட்டாயம் இறக்கி வைக்க வேண்டும். நான் ஒரு முறை மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் டப்பாவுக்குள் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, குச்சியில் ஒரு பெண் சிட்டு உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவை அதைக் குடித்ததோ தெரியவில்லை. அன்றோடு நான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகச் செடிதான் வைத்தேன். கனகாம்பரம், இட்லிப்பூ, ஒற்றை அடுக்குச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, ஆனால் சிட்டு அதை அவ்வளவாகத் தேடுவதில்லை என்பது நான் பார்த்தது. கீழே இடம் இருந்தால் ஒரு முருங்கை, பூக்கும் நாளில் காலை ஆறரைக்கு மரம் முழுக்க சிட் சிட் என்று சத்தம் கேட்கும். மாதவரம் தோட்டக்கலைப் பண்ணையில் செடி வாங்கலாம்.

இன்னொன்று, பூச்சி மருந்து அடிக்காதீர்கள். குஞ்சுக்குத் தேன் ஊட்டி வளர்க்க முடியாது. சிலந்தியும் சின்னப் புழுவும்தான் குஞ்சுக்குச் சாப்பாடு. கூட்டைக் கட்டுவதும் சிலந்தி வலையை வைத்துத்தான், அதனால் மாடிப்படி மூலையில் இருக்கிற ஒட்டடையில் கொஞ்சத்தை நான் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன்.

பெரம்பூர் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஹம்மிங்பேர்டு வராது என்றதும் அவள் அரை நாள் பேசவே இல்லை. அப்புறம் செம்பருத்தியைத் திருப்பிப் பார்த்தோம், பதினொரு பூவில் ஏழில் அடியில் ஓட்டை! அதிலிருந்து தினமும் எண்ணி நோட்டில் எழுதுகிறாள். அந்துப்பூச்சியின் கொம்பையும் பார்த்துவிட்டாள்.

பார்சல் டப்பாவைச் செய்தோம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மாட்டினோம். கேன் மூடி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வெயிலில் அந்தத் தண்ணீரே காய்ந்துவிடுகிறது, காலையிலும் மூன்று மணிக்கும் ஊற்றுகிறேன். எட்டு நாள் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு சிட்டு குச்சியில் உட்கார்ந்து, ஓட்டையை விட்டுவிட்டு முதலில் சிவப்பு ரிப்பனைக் குத்தியது, அப்புறம்தான் கண்டுபிடித்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு தினமும் கழுவ எனக்கு நேரம் இருக்காது, அதனால் அன்றைக்கு இறக்கிவிடுவதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கனகாம்பரம் ஆறு நாற்று வைத்தாயிற்று.

இப்போது ஒரு அவசரக் கேள்வி. துணிக்கொடியின் ஓரத்தில், பழைய கிளிப் மாட்டியிருந்த இடத்தில், நேற்றிலிருந்து ஒரு பை மாதிரி தொங்குகிறது, காய்ந்த இலை, நூல், ஒட்டடை எல்லாம் சேர்த்து. பக்கவாட்டில் வாசல், அதன் மேல் சின்னதாக ஒரு கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது. பெண் சிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. துணி காயப்போடலாமா?

கொடுங்கையூர் சிட்டு:

அந்தக் கொடியில் வேண்டாம் அக்கா, வேறு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கூடு முடிய இன்னும் சில நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு முட்டை, 14 முதல் 16 நாள் அடை, அப்புறம் குஞ்சு பறக்க 17 நாள் போல. ஆக ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் போன் வைத்துப் படம் எடுக்க வேண்டாம், காகம் உங்களைப் பார்த்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கும். பாப்பா படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும், பெண் சிட்டு உள்ளே போய் வெளியே வராமல் தங்க ஆரம்பிக்கும் நாளை நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள், அன்றிலிருந்துதான் 14 நாள் கணக்கு.