8700கே பிராசசரின் மூடியைக் கழற்றி லிக்விட் மெட்டல் வைப்பது தகுமா?

வெண்சுடர்:

பிராசசர் இன்டெல் ஐ7-8700கே. கூலர் டவர் வகை: இரண்டு 120 மிமீ ஃபேன், ஆறு ஹீட்பைப், நிக்கல் பூசிய செம்பு அடித்தளம். வீடியோ என்கோடிங்கில் ஆறு கோரும் 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. பேக்கேஜ் பவர் 140 வாட், வெப்பம் 94 டிகிரி, அறை வெப்பம் 29. விளையாட்டுகளில் 72-ஐத் தாண்டுவதில்லை. கூலருக்கும் பிராசசரின் உலோக மூடிக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டாயிற்று, திருகுகளின் இறுக்கமும் சரிதான். டிலிட் செய்து, அதாவது அந்த மூடியைக் கழற்றி, உள்ளே லிக்விட் மெட்டல் (திரவமாக இருக்கும் கேலியம் கலவை) வைத்தால் 15 முதல் 20 டிகிரி வரை குறையும் என்று பல இடங்களில் படிக்கிறேன். அந்த ஆபத்தை ஏற்பது தகுமா, இல்லை 360 மிமீ வாட்டர் கூலருக்கு மாறுவது மேலா?

செம்புத்தகடு:

இரண்டில் எதையும் வாங்கும் முன், வெப்பம் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பாதை நீளமானது: மூடிக்குள் இருக்கும் சில்லு, உள் பேஸ்ட், மூடி, வெளி பேஸ்ட், கூலர், கேபினெட் காற்று. இதில் குறுகலான இடத்தை அகலப்படுத்தினால்தான் பலன் தெரியும். மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, கணினி சும்மா இருக்கும்போது என்கோடிங்கைத் தொடங்கி, முதல் நொடியிலேயே வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். கூலரின் உலோகம் சூடேறப் பல நிமிடங்கள் ஆகும். அதனால் நொடியில் ஏறி, நிறுத்திய நொடியிலேயே இறங்கும் பங்கு சில்லையும் மூடியையும் சேர்ந்தது. மெதுவாக ஏறும் பங்கு கூலரையும் காற்றையும் சேர்ந்தது.

இரண்டாவது, ஃபேன் வேகத்தை உச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மூன்றாவது, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையைத் திரும்ப ஓட்டுங்கள். கதவு திறந்ததும் 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் கோளாறு காற்றோட்டத்தில் இருக்கிறது, பிராசசரைத் தொடவே வேண்டாம்.

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) கோர் வோல்டேஜ் ஆட்டோவிலா, கையால் வைத்ததா என்பதையும் சொல்லுங்கள்.

வெண்சுடர்:

ஓட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 36. முதல் நொடியிலேயே 78. பத்து நிமிடத்தில் 94. ஃபேனை 1100-லிருந்து 1800 சுற்றுக்கு ஏற்றியதில் 3 டிகிரிதான் குறைந்தது. கதவைக் கழற்றியதில் 2 டிகிரி. வோல்டேஜ் ஆட்டோவில் இருக்கிறது, சுமையில் 1.36 வோல்ட் காட்டுகிறது. கோர்களுக்கு இடையே 6 டிகிரி வித்தியாசம்.

செம்புத்தகடு:

அப்படியானால் விஷயம் தெளிவு. 58 டிகிரி ஏற்றத்தில் 42 முதல் நொடியிலேயே வந்துவிட்டது. ஃபேனை வேகமாகச் சுற்றியும் 3 டிகிரிதான் என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது, வெப்பம்தான் அதனிடம் வந்து சேரவில்லை. 360 மிமீ வாட்டர் கூலர் போட்டாலும் அந்த 42 பெரிதாக அசையாது. அந்தச் செலவு வேண்டாம்.

காரணம் இதுதான். 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் தலைமுறை முதல் 2017-இல் வந்த 8700கே வரை, இந்த வகைப் பிராசசர்களில் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே இன்டெல் சாலிடருக்கு (உருக்கி ஒட்டும் உலோகத்துக்கு) பதில் பேஸ்ட் வைத்தது. பேஸ்டின் தரத்தை மட்டும் குறை சொல்வார்கள்; மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையின் தடிமனும் அதே அளவு காரணம். அது மூடியைத் தூக்கிப் பிடிப்பதால் நடுவில் பேஸ்ட் தடித்து நிற்கிறது.

தோராயக் கணக்கு ஒன்று. சில்லின் பரப்பு ஏறத்தாழ 150 சதுர மிமீ. பேஸ்ட் 0.1 மிமீ தடிமன், கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 4 வாட் என்று வைத்தால், 140 வாட் கடக்கையில் அந்த ஒரு படலத்தில் மட்டும் 23 டிகிரி விழுகிறது. பசையைச் சுரண்டி இடைவெளியை 0.05 ஆக்கி, 20 வாட் கடத்தும் லிக்விட் மெட்டல் வைத்தால் அதே இடத்தில் 2 டிகிரி சொச்சம்தான். நீங்கள் படித்த 15 முதல் 20 மிகைப்படுத்தல் இல்லை.

ஆனால் இத்தனையும் செய்தாலும் என்கோடிங் ஒரு நொடிகூட முன்னதாக முடியாது! 8700கே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது 100 டிகிரியில். 94-இல் அது முழு வேகத்தில்தான் ஓடுகிறது. உங்களுக்குக் கிடைக்கப் போவது குறைந்த வெப்பம், குறைந்த ஃபேன் சத்தம். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் 4.9, 5.0 என்று நீங்களே ஏற்ற வேண்டும்.

நீலக்கம்பி:

கணக்கு சரி, வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதல்ல வோல்டேஜைக் குறைங்க. ஆறு கோரும் வேலை செய்யும்போது இந்தப் பிராசசருக்கு இன்டெல் வைத்த வேகம் 4.3 தான். 4.7 என்பது ஒற்றைக் கோருக்கு. மதர்போர்டு தானாகவே எல்லாக் கோரையும் 4.7-க்கு ஏற்றி, எந்தச் சில்லு வந்தாலும் தாங்கட்டும்னு வோல்டேஜையும் தாராளமா கொடுக்குது. 1.36 அப்படி வந்த எண்.

மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 1.36-ஐ 1.24 ஆக்கினா 17 சதவீதம் குறையும்: 140 வாட் 116 ஆகும், 94 டிகிரி 83-க்கு வரும். செலவு எதுவும் இல்லை, கத்தியும் வேண்டாம்.

முதல்ல ஆஃப்செட் (ஆட்டோ வோல்டேஜிலிருந்து கழிக்கும் அளவு) மைனஸ் 0.05 வச்சு ஒரு மணி நேரம் என்கோட் பண்ணுங்க. பிறகு 0.01 வோல்ட் படியா இறங்குங்க. மென்பொருள் மூடிக்கொண்டாலோ நீலத்திரை வந்தாலோ இரண்டு படி மேலே ஏறி நிறுத்துங்க. சுமையில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட் லைன் அமைப்பு உச்சத்தில் இருந்தா நடுவுக்குக் கொண்டுவாங்க. ஆட்டோவில் விட்டா சுமை வரும்போது வோல்டேஜைத் தூக்கிவிடும் போர்டுகள் உண்டு. சில்லுக்குச் சில்லு எல்லை வேறுபடும், 1.24 எல்லோருக்கும் கிடைக்கும்னு உறுதி இல்லை. கிடைக்கலைன்னா 4.5-க்கு இறங்குங்க. 4 சதவீத வேகம் போகும், வெப்பம் அதைவிட நிறையக் குறையும்.

உருகுநிலை:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன்: வோல்டேஜ் முதலில். அதன்பிறகும் 5.0 வேண்டுமென்றால் டிலிட். அப்போது எங்கே கெடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கத்தி வேண்டவே வேண்டாம். சில்லு உட்கார்ந்திருக்கும் பலகை மெலிது, கத்தி நுனி மேல் அடுக்கின் கம்பித்தடத்தைக் கீறினால் பிராசசர் போயிற்று. திருகை முறுக்கி மூடியைப் பக்கவாட்டில் தள்ளும் கருவி போதும். கருவியில் வைக்கும்போது முக்கோணக் குறி எந்த மூலை என்று பாருங்கள். கால் திருப்பு, நிறுத்தம், மீண்டும் கால் திருப்பு. மூடி 1 மிமீ அளவு நகர்ந்து சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்.

கறுப்புப் பசையைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், பலகையிலும் மூடியின் விளிம்பிலும் எச்சமே இருக்கக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பசையை விட்டுவிட்டால் இடைவெளி அப்படியே நிற்கும், விலை உயர்ந்த லிக்விட் மெட்டல் வைத்தும் முழுப் பலன் கிடைக்காது. பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில்லையும் மூடியின் உட்புறத்தையும் துடையுங்கள்.

லிக்விட் மெட்டல் மின்சாரத்தைக் கடத்தும். சில்லைச் சுற்றி வெளியே தெரியும் உலோகப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு கோட் கொடுத்துக் காயவிடுங்கள். இன்டெல்லின் 4-ஆம் தலைமுறையான ஹாஸ்வெல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதில் சில்லின் பக்கத்திலேயே சிறு உதிரிகள் இருக்கின்றன.

அளவு: குண்டூசித் தலையளவு ஒரு துளி சில்லுக்கு, அதே அளவு மூடிக்கு. பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் முதலில் ஒட்டாமல் உருளும், பிறகு கண்ணாடி போலப் படியும். மேலே திரண்டு நிற்கும் குமிழ் இருந்தால் அதிகம்; ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். டவர் கேபினெட்டில் பிராசசர் செங்குத்தாக நிற்கிறது, மிஞ்சியது வழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

திரும்ப ஒட்ட நான்கு மூலையிலும் புள்ளி புள்ளியாக, புளித்த நெடி வராத நியூட்ரல் வகை சிலிக்கோன் பசை. வினிகர் நெடி அடிக்கும் வகை காயும்போது அமிலம் விடும். சாக்கெட்டின் நெம்புகோல் மூடியை ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே கருவியின் அழுத்தத்திலேயே 24 மணி நேரம் காயவிட்டுப் பிறகு பொருத்துங்கள்.

வாரன்டி போய்விடும் என்பது சொல்லாமலே தெரியும்.

வெண்சுடர்:

நன்றி. மூடிக்கும் கூலருக்கும் நடுவிலும் மிச்ச லிக்விட் மெட்டலையே வைக்கலாமா?

உருகுநிலை:

வேண்டாம். அங்கே பரப்பு பல மடங்கு பெரிது, நல்ல பேஸ்ட்டே போதும். கூடுதலாக இரண்டு மூன்று டிகிரி கிடைத்தால் அதிகம். மூடியின் மேல் எழுத்துகளும் அழியும். இன்னொன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: கேலியம் அலுமினியத்தை அரித்து நொறுங்க வைக்கும். ஹீட்பைப்புகள் நேரடியாக மூடியைத் தொடும் கூலர்களில் பைப்புகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் அலுமினியம். நிக்கல் பூச்சு பாதுகாப்பு. வெறும் செம்பு கேலியத்தை மெல்ல உறிஞ்சிக் கறை பிடிக்கும், சில மாதத்தில் மறுபடி வைக்க நேரும்.

நீலக்கம்பி:

இந்தத் திரியைப் படிச்சுட்டுப் புதுப் பிராசசரில் கை வைக்காதீங்க. 2018-இல் வந்த 9900கே-யில் சாலிடர் திரும்பி வந்தாச்சு. அதில் மூடியைத் தள்ளினா சில்லே விரிசல் விடலாம், கிடைப்பது ஒற்றை இலக்க டிகிரி. இன்டெல் 12-ஆம் தலைமுறையில் மூடி வளைவதுதான் சிக்கல், அதற்கு பிராசசரை அழுத்திப் பிடிக்கும் சாக்கெட் சட்டம் மாத்தினா போதும். திருகை ரொம்ப முறுக்கினா ஒரு ரேம் சேனல் காணாமப் போகும், கவனம். ஏஎம்டி ரைசன் 7000-இல் முழுச் சுமையில் 95 டிகிரி காட்டுவது வடிவமைப்பே. மின்சக்திக்கு வரம்பு வைக்கும் ஈகோ மோடில் போட்டுட்டு வேலையைப் பாருங்க.

வெண்சுடர்:

ஆஃப்செட் மைனஸ் 0.11-இல் 1.25 வோல்ட்டுக்கு வந்து நிற்கிறது, மூன்று மணி நேரம் என்கோட் ஓடியது, 84 டிகிரி. ஃபேன் 1100-இலேயே இருக்கிறது. 5.0 எனக்குத் தேவையில்லை, மூடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.